கல்வட்டத்துக்குள் குலசாமி: பொங்கல் வைக்கப் போகும்முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

திருப்பூரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்:

"எங்க குலசாமி கோயில் காங்கேயத்துக்கும் சென்னிமலைக்கும் நடுவுல ஒரு கொறங்காட்டுக்குள்ள இருக்குதுங்க. குனிஞ்சுதான் உள்ள போகணும், அவ்வளவு சின்னக் கோயில். சுத்தியும் ஆள் உயரத்துக்குக் குத்துக்கல்லு, தரையில வட்டமாப் பதிச்ச பாறைங்க. அப்பாரு காலத்துல வருசம் தவறாமப் போனது, அப்புறம் விட்டுப்போச்சு. வர்ற தையில பங்காளிங்க நாப்பது பேரு பொங்க வைக்கப் போறோம். அதெல்லாம் செத்தவங்களப் புதைச்ச கல்லு, தீட்டுன்னு அத்தை சொல்றாங்க. எல்லாக் கல்லுக்கும் மஞ்சள் பூசிப் பொட்டு வைக்கணும்னு பெரியப்பா சொல்றாரு. சித்தப்பா பசங்க டைல்ஸ் போட்டு, செட்டு ஒண்ணு கட்டிப்போடலாம்ங்கறாங்க. யாரு பேச்சைக் கேக்கறதுங்க?"

அத்தை சொல்வதில் பாதி சரி. பெரியப்பாவின் ஆசையைக் கோயிலுக்குள் நிறைவேற்றலாம். சித்தப்பா பிள்ளைகளைத்தான் கொஞ்சம் உட்காரவைத்துப் பேச வேண்டியிருக்கும். பொங்கலுக்குத் தாராளமாகப் போங்கள். கோயிலுக்குச் செய்வதைக் கோயிலுக்குச் செய்யுங்கள், வெளியே நிற்கிற கல்லுக்கு எதுவும் செய்யாதீர்கள். இதை நாற்பது பேருக்கும் வேனில் ஏறும்முன் சொல்லிவிட்டால் முக்கால்வாசி வேலை முடிந்தது.

முதலில் அங்கே இருப்பது என்னவென்று பார்ப்போம். நொய்யலின் இரு கரையும் இரும்புக்காலத்து ஈமச்சின்னங்கள் நிறைந்த பகுதி. உங்கள் கோயிலுக்குப் பக்கத்திலேயே கொடுமணல் இருக்கிறது. பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று வருகிற ஊர் அதுதான் என்பது ஆய்வாளர்கள் கருத்து. 1980களில் தமிழ்ப் பல்கலைக்கழகம் அங்கே தோண்டத் தொடங்கியது. மக்கள் வாழ்ந்த மேடும் அவர்களின் இடுகாடும் அங்கே அடுத்தடுத்துக் கிடைத்தன. இரும்பு உருக்கிய உலை, சூதுபவள மணி, பச்சைக்கல், தமிழி எழுத்துக் கீறிய பானை ஓடு எல்லாம் வெளிவந்தன. ஊத்துக்குளிப் பக்கம் குமரிக்கல்பாளையத்தில் நிற்கிற நெடுங்கல்லை அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். ஊருக்குப் பெயரே அந்தக் கல்லால் வந்தது. உங்கள் காட்டில் இருப்பதும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததாகத்தான் இருக்கும்.

ஆனால் நிற்கிற கல்லெல்லாம் பழசு என்று நினைத்துவிட வேண்டாம். கிணற்றங்கரையில் ஜோடியாக நின்று, மேலே துளை இருந்தால் அது கவலை இறைத்த கல். மாடு கட்டித் தண்ணீர் இறைத்த காலம் போனதும் கல் மட்டும் நின்றுவிட்டது. வீரனும் புலியும் செதுக்கியிருந்தால் புலிகுத்திக்கல். அதுவும் பழசுதான், ஆனால் வேறு காலம், வேறு வழக்கம். கல்லின் ஓரத்தில் வரிசையாகச் சதுரக் குழிகள் தெரிந்தால், ஆப்பு வைத்துப் பிளந்த தடம் அது. பின்னாளில் எல்லைக்கோ வேலிக்கோ நட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். ஈமச்சின்னத்துக் கல்லில் உளி வேலை அநேகமாக இருக்காது. பாறையில் இயற்கையாகப் பிரிந்த பலகையை அப்படியே தூக்கி நிறுத்தியிருப்பார்கள்.

தரையில் வட்டமாகத் தெரிகிற பாறைகள்தான் கல்வட்டம். பாதி மண்ணுக்குள் புதைந்து, தலை மட்டும் வெளியே தெரியும். நடுவில் சிறுகற்கள் குவிந்த மேடு லேசாக உயர்ந்திருக்கும். அதற்கு அடியில் பலகைக் கற்களால் ஆன அறை இருக்கலாம். எங்கேயாவது மண் அரித்து அந்த அறையின் மேல்விளிம்பு வெளியே தெரிந்தால், கைவைக்காமல் குனிந்து பாருங்கள். நான்கு பலகைகளும் பெட்டி மாதிரி மூலைக்கு மூலை சேராது. ஒவ்வொரு பலகையின் ஒரு முனையும் அடுத்த பலகையைத் தாண்டி நீண்டு நிற்கும். மேலிருந்து பார்த்தால் ஸ்வஸ்திகம்போல் தெரியும். வெளியிலிருந்து மண் எவ்வளவு அழுத்தினாலும் ஒரு கல் அடுத்ததன்மேல் சாய்ந்துகொள்ளும், உள்ளே விழாது. சாந்தும் கிடையாது, ஆணியும் கிடையாது. பெரும்பாலும் கிழக்குப் பலகையில் வட்டமாக ஒரு துளை இருக்கும். நம் பக்கத்தில் இதைப் பாண்டவர் வீடு என்று சொல்கிற ஊர்கள் உண்டு.

சரி, தீட்டு விஷயத்துக்கு வருவோம். இறந்தவர்களுக்காக எழுப்பியவை என்று அத்தை சொல்வது உண்மை. ஆனால் அங்கே சாமி கும்பிடக் கூடாது என்பது அதிலிருந்து வராது. கல்லைக் கும்பிடுவதைத் தவிர நெல் தூவிக் கும்பிடுகிற வேறு கடவுள் எங்களுக்கு இல்லை என்று புறநானூற்றின் 335ஆம் பாட்டு சொல்கிறது. போரில் விழுந்த வீரனின் நடுகல்லைப் பற்றிய பேச்சு அது. கொங்கில் கருப்பராயனும் கன்னிமாரும் அண்ணமாரும் எத்தனை இடத்தில் வெறும் கல்லாகவே நிற்கிறார்கள்! உங்கள் முன்னோர் அங்கே குடும்பம் குடும்பமாகப் போய்ப் பொங்கல் வைத்த இடத்துக்கு இப்போது புதிதாகத் தீட்டு வந்துவிடாது. கர்ப்பிணிகள் வரலாமா, வீட்டுக்குத் தூரமானவர்கள் எதுவரை வரலாம் என்பதெல்லாம் அந்தக் கோயிலின் வழக்கம். அதற்குப் பதில் பூசாரியிடமும் மூத்த பங்காளியிடமும்தான் இருக்கிறது, தொல்லியல் படித்தவரிடம் இல்லை. அத்தைக்கு மனசு ஒப்பவில்லையென்றால் வற்புறுத்தவும் வேண்டாம்.

பழைய கல்லின்மேல் கும்பிடும் இடம் எழும்புவது நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. போர்ச்சுகலில் பாவியா என்ற ஊரில் ஒரு பெரிய கற்திட்டையையே, அதாவது பலகைக் கற்களைத் தரைக்கு மேல் நிறுத்தி மூடுகல் வைத்த ஈமச்சின்னத்தையே, சின்ன தேவாலயமாக மாற்றி வைத்திருக்கிறார்கள். கதவும் பீடமும் அதற்குள்ளேயே இருக்கின்றன. ஸ்பெயினில் காங்காஸ் தெ ஓனீஸ் என்ற ஊரில் 737இல் ஒரு கற்திட்டையின் மேலேயே தேவாலயம் கட்டினார்கள், இப்போது அங்கே நிற்பது பின்னாளில் திரும்பக் கட்டியது. கோயில் இருப்பதால்தான் இந்தக் கற்கள் பிழைத்தன என்பது என் எண்ணம். நம் பக்கத்திலும் கோயில் இல்லாத காட்டுக் கல்வட்டங்கள் டிராக்டர் வந்ததும் வரப்புக்கும் கிணற்றுச் சுவருக்கும் போய்விட்டன. சாமி குத்தம் ஆகிவிடும் என்ற பயம் செய்த காவலை எந்த வேலியும் செய்ததில்லை. அதனால் உங்கள் பெரியப்பாவின் பக்தியைக் குறை சொல்ல நான் தயாரில்லை.

ஆனால் மஞ்சள், எண்ணெய், சுண்ணாம்பு, பெயிண்ட் எல்லாம் கோயிலுக்குள் இருக்கிற சாமிக்கும், வழக்கமாகப் பூசை நடக்கிற கல்லுக்கும் மட்டும் இருக்கட்டும். புதிதாக ஒரு கல்லைப் பிடித்துப் பொட்டு வைத்தால் அடுத்த வருசம் அதற்கு எண்ணெய் வரும், அதற்கடுத்த வருசம் சிமெண்ட் மேடை வரும். எண்ணெய் கல்லுக்குள் இறங்கித் தூசியைப் பிடித்துக் கருப்பேறும். எனாமல் பெயிண்ட் அடித்தால் கல்லில் ஏதாவது கீறலோ ஓவியமோ இருந்தாலும் பிறகு யாராலும் படிக்க முடியாது. கற்பூரத்தைக் கல்லின்மேலேயே வைத்துக் கொளுத்த வேண்டாம், தட்டில் காட்டுங்கள். சூடு பட்டுப் பட்டுக் கல் அப்பளமாகப் பொரிந்து செதில் செதிலாக உதிரும். தேங்காய் உடைக்கவும் நெடுங்கல் வேண்டாம், ஏற்கெனவே உடைக்கிற கல் ஒன்று கோயில் வாசலில் இருக்கும்.

இப்போது பொங்கல் அடுப்பு. இதைப் பலர் யோசிப்பதே இல்லை. நாற்பது பேருக்குப் பொங்கல் என்றால் ஏழெட்டு அடுப்பாவது கூட்ட வேண்டும், அடுப்புக்கு மூன்று கல். கையெட்டும் தூரத்தில் கனகச்சிதமாக இருப்பது எது? கல்வட்டத்துக் கல்தான். ஒரு விசேசத்தில் இருபது கல் இடம் மாறினால், அந்த வட்டம் எங்கே இருந்தது என்று அப்புறம் சொல்ல முடியாது. வேனிலேயே இரண்டு டஜன் செங்கல்லைப் போட்டுக்கொண்டு போங்கள். அடுப்பைக் கோயிலின் முன்புறம், பழைய சாம்பல் தெரிகிற இடத்தில் கூட்டுங்கள், வட்டத்துக்குள் வேண்டாம். கெடா வெட்டு உண்டென்றால், கெடாவைக் குத்துக்கல்லில் கட்டாமல் வேல மரத்தில் கட்டுங்கள். பந்தல் போட்டால் குழி தோண்டாதீர்கள். மணல் நிரப்பிய டின்னில் கம்பத்தை நிறுத்துகிற பந்தல்காரர்கள் இருக்கிறார்கள்.

கொறங்காட்டுக்குப் போகிற முறையும் ஒன்று இருக்கிறது. கோயில் பங்காளிகளுடையது என்றாலும் சுற்றிலும் இருக்கிற காடு யாரோ ஒருவரின் மேய்ச்சல் நிலம். ஒரு வாரம் முன்னாடியே போய்க் காட்டுக்காரரைப் பார்த்துச் சொல்லிவிட்டு வாருங்கள். கிளுவை வேலிக்கு நடுவில் இருக்கிற படலைத் திறந்து உள்ளே போனதும் மறுபடி சாத்துங்கள். திறந்து விட்டால் மாடு வெளியேறும், அல்லது அடுத்த காட்டு மாடு உள்ளே வரும். இரண்டுமே சண்டையில் முடியும். இரண்டு பக்க வேலிக்கும் நடுவே போகிற இட்டேரியில் வேன் நுழையாது என்றால் ஊரிலேயே நிறுத்திவிட்டு நடப்பதுதான் நல்லது, வேலியை ஒடித்து வழி பண்ணக் கூடாது. தட்டும் டம்ளரும் பிளாஸ்டிக் பையும் ஒன்றுவிடாமல் திரும்பி வர வேண்டும். சோறு ஒட்டிய பையைக் காங்கேயம் மாடு தின்றுவிட்டால் காட்டுக்காரருக்குத்தான் நட்டம்.

தை மாதம் நல்ல தேர்வு. மழை ஓய்ந்து, வெயில் ஏறாத காலம். புல் காய்ந்திருக்கும் என்பதால் நெருப்பில் மட்டும் கவனம் வேண்டும், இரண்டு குடம் தண்ணீர் அடுப்புப் பக்கம் தனியாக இருக்கட்டும். கல் இடுக்கில் விரியனும் தேளும் இருக்கும். குழந்தைகள் இடுக்கில் கைவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெள்வேல முள் ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு காலில் ஏறும், ஷூ போட்டு வந்து கோயில் எல்லையில் கழற்றிக்கொள்ளலாம். சாய்ந்து கிடக்கிற மூடுகல்லின்மேல் ஏறிப் படம் எடுப்பதைப் பெரியவர்களும் செய்யக் கூடாது. அடியில் அறை வெற்றிடமாக இருந்தால் கல் புரளும். கற்களைப் படம் எடுக்க வேண்டுமென்றால் காலை ஏழு மணி வாக்கில் எடுங்கள். உச்சிவெயிலில் தெரியாத கீறல்கூடச் சாய்ந்த வெயிலில் தெரியும். அந்தப் படத்தை ஊர்ப் பெயரோடும் வரைபடப் புள்ளியோடும் சமூக ஊடகத்தில் போட வேண்டாம். புதையல் தேடுகிறவர்கள் ராத்திரியில் கடப்பாரையோடு வருவது இதனால்தான். உண்மையில் அந்த அறைகளில் பெரும்பாலும் இருப்பது பானை, துருப்பிடித்த இரும்பு, சில மணி. எலும்புகூட இல்லாதவை உண்டு.

பிள்ளைகள் கண்ணில் கட்டாயம் ஓடுகள் படும். உள்ளே கருப்பு, வெளியே சிவப்பு, வழவழப்பு. கருப்பு-சிவப்புப் பானை என்பது அதுதான். கையில் எடுத்துப் பார்க்காமல், கிடந்த இடத்திலேயே பக்கத்தில் ஒரு பேனாவை வைத்துப் படம் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஓடு எங்கே, எதன் பக்கத்தில் கிடந்தது என்பதில்தான் அதன் பயன் இருக்கிறது. உங்கள் வீட்டு ஷோகேஸுக்குப் போனதும் அது வெறும் உடைந்த ஓடு. முழுப் பானை, மணி, காசு என்று ஏதாவது மண்ணுக்குள்ளிருந்து வெளியே தெரிந்தால் கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியரிடமோ சொல்லிவிடுங்கள். 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருள் மண்ணுக்குள் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிப்பது கட்டாயம்.

கடைசியாக டைல்ஸும் செட்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். குத்துக்கல் நிற்பதே அதன் அடியில் சுற்றிலும் இறுக்கிவைத்த சிறுகற்களால்தான். பக்கத்தில் அஸ்திவாரக் குழி தோண்டினால் அந்தப் பிடி தளரும், மறு மழையில் கல் சாயும். தளம் போட்டால் தண்ணீர் ஓட இடமில்லாமல் கல்லடியில் தேங்கும். ஜேசிபி கொண்டு நிலத்தைச் சமப்படுத்தினால் கல்வட்டத்தின் கதை அன்றைக்கே முடிந்தது. சட்டமும் இருக்கிறது. மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடமென்றால் 100 மீட்டருக்குள் கட்டடமே கூடாது, அதற்கப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வாங்க வேண்டும். மாநில அரசின் பாதுகாப்பில் உள்ளவற்றுக்கு 1966ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. உங்கள் கோயில் இரண்டு பட்டியலிலும் இல்லாமல் இருக்கலாம். இல்லையென்றாலும், கட்டுவதற்கு முன் மாநிலத் தொல்லியல் துறைக்கு இரண்டு படத்தோடு ஒரு மனு எழுதிப் போடச் சொல்லுங்கள். ஒருவர் வந்து பார்த்துப் பதிவு செய்துவிட்டால், நாளைக்கு யாராவது கல் உடைக்க வந்தாலும் காட்ட ஒரு காகிதம் இருக்கும்.

சித்தப்பா பிள்ளைகள் கைக்காசு போட்டு எதாவது செய்தே தீர வேண்டும் என்றால், வேன் நிறுத்துகிற இடத்துக்குப் பக்கத்தில், கல் எதுவும் இல்லாத பக்கமாக ஒரு தண்ணீர்த் தொட்டி கட்டித் தரட்டும். பொங்கலுக்கும் ஆகும், மற்ற நாளில் மாட்டுக்கும் ஆகும். காட்டுக்காரர் அடுத்த வருசம் படலைத் திறந்துவைத்துக் காத்திருப்பார்.