டாக்பேக்கை ஒதுக்கி வைத்தவர் மறுபடி தொடங்குவது எப்படி?

கேள்வி: என் கணவருக்கு வயது 54. கிளாக்கோமாவால் பார்வை முழுவதும் போய் ஐந்து மாதம் ஆகிறது. அவருடைய ஆண்ட்ராய்டு போனில், திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துச் சொல்லும் டாக்பேக் வசதியை மகன் போட்டுக் கொடுத்தான். "கடகடவென்று என்னவோ சொல்கிறது, எதைத் தொட்டாலும் திறக்க மாட்டேன் என்கிறது" என்று இரண்டே நாளில் ஒதுக்கி வைத்துவிட்டார். இந்த வயதில் பழக முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்: கட்டாயம் முடியும். பார்வை இழந்தவர்களுக்குப் போன் பழக்குவதுதான் என் வேலை. உங்கள் கணவர் சொன்ன இரண்டு குறைகளையும் முதல் வகுப்பில் அநேகமாக எல்லோரும் சொல்வார்கள்.

முதலில் அந்த 'திறக்க மாட்டேன்' விஷயம். டாக்பேக் ஓடும்போது தொடுதலுக்கு அர்த்தமே வேறு. ஒரு முறை தொட்டால் விரலுக்கு அடியில் இருப்பதன் பெயரைச் சொல்லும், அவ்வளவுதான். திறக்க வேண்டுமானால் அடுத்தடுத்து இரண்டு முறை தட்ட வேண்டும். அந்த இரட்டைத் தட்டலைத் திரையில் எங்கே வேண்டுமானாலும் தட்டலாம். கடைசியாக எதன் பெயரைச் சொன்னதோ, அதுதான் திறக்கும். இதை அவருக்கு நிதானமாக விளக்குங்கள். தெரியாமல் கைபட்டு யாருக்காவது போன் போய்விடுமோ, எதையாவது அழித்துவிடுவோமோ என்ற பயம்தான் பலரைப் போனிடம் போகவிடாமல் செய்கிறது. வெறுமனே தடவிப் பார்ப்பதால் எதுவும் ஆகாது என்று தெரிந்ததும் கை தானாகத் தளரும்.

அடுத்தது வலப்பக்கம் தள்ளுவது. ஒரு விரலால் வலப்பக்கம் தள்ளினால் அடுத்த பொருளுக்குப் போகும், இடப்பக்கம் தள்ளினால் முந்தையதற்கு. எளிதாகத் தெரிந்தாலும் பெரும்பாலானவர்கள் இங்கேதான் சிக்குகிறார்கள். புதிதாகப் பழகுகிறவர் பயந்து பயந்து விரலை மெதுவாக இழுப்பார். மெதுவாக இழுத்தால் திரையைத் தடவிப் பார்க்கிறார் என்று போன் எடுத்துக்கொண்டு, வழியில் இருப்பதையெல்லாம் வாசிக்கத் தொடங்கிவிடும். மேசையில் விழுந்த துரும்பைத் தட்டிவிடுவோமே, அந்த வேகம் வேண்டும். முதல் இரண்டு மூன்று நாட்களுக்கு இது மட்டும் போதும்: வலப்பக்கம் தள்ளுவது, இடப்பக்கம் தள்ளுவது, இரண்டு முறை தட்டுவது. டாக்பேக் அமைப்புகளுக்குள்ளேயே ஒரு பயிற்சிப் பகுதி இருக்கிறது, அதிலும் பழகலாம்.

கடகடவென்று பேசுவதற்குக் காரணம் வேகம். உரையிலிருந்து பேச்சு என்ற அமைப்பில் வேகத்தைக் குறையுங்கள். தமிழ்க் குரலும் அங்கே கிடைக்கும். நன்றாகப் பழகியவர்கள் கேட்கும் வேகம் மற்றவர்களுக்குப் புரியவே புரியாது. ஆனால் அது போகப் போக வருவது. பேச்சை எப்படி நிறுத்துவது என்பதையும் முதல் நாளே சொல்லிக்கொடுங்கள். புதிய பதிப்புகளில் இரண்டு விரலால் ஒரு முறை தட்டினால் பேச்சு நின்றுவிடும். வாயை அடைக்கத் தெரியாத குரலோடு யாராலும் நெடுநேரம் இருக்க முடியாது.

அப்புறம் முகப்புத் திரை. மகனிடம் சொல்லி அதை ஒரே பக்கமாக்குங்கள். அழைப்பு, செய்தி, கடிகாரம் என்று நான்கைந்து செயலிகள் போதும். அவற்றை இடம் மாற்றவே கூடாது. போனின் பூட்டைத் திறக்க, பின் (PIN) எண்ணைத் தடவித் தேடுவதைவிடக் கைரேகை வைத்துத் திறப்பது எளிது.

முதல் வேலையாக அழைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். புதிய பதிப்புகளில் இரண்டு விரலால் இரண்டு முறை தட்டினால் அழைப்பை எடுக்கலாம், அதையே செய்து துண்டிக்கலாம். நீங்கள் அடுத்த அறையிலிருந்து கூப்பிடுங்கள். முதல் மூன்று முறை எடுப்பதற்குள் மணி நின்றுவிடும். பரவாயில்லை, மறுபடி கூப்பிடுங்கள்.

தட்டச்சு இரண்டாவது வாரம் வரட்டும். அதுவரை மைக்கில் பேசி எழுதலாம். ஆனால் அதோடு நின்றுவிட வேண்டாம். பெயர், எண் எல்லாம் பேச்சில் பிசகும். விசைப்பலகையில் விரலை வைத்து நகர்த்தினால் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லும். வேண்டிய எழுத்து வந்ததும் விரலை எடுத்தால் அது பதிவாகும்.

சில செயலிகளில் 'பெயரிடாத பட்டன்' என்று மட்டும் சொல்லும். அது அவர் தவறல்ல. செயலியை உருவாக்கியவர்கள் பெயர் வைக்காமல் விட்டிருக்கிறார்கள். அந்த பட்டன் எதற்கு என்று நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள். பல இடங்களில் டாக்பேக் மெனுவிலேயே நாமே பெயர் வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக உங்களுக்கும் மகனுக்கும் ஒன்று. அவர் திணறும்போது போனை வாங்கி டாக்பேக்கை அணைத்துவிட்டுச் செய்து கொடுக்காதீர்கள். திரும்பக் கைக்கு வரும்போது போன் ஊமையாக இருந்தால் அவர் என்ன செய்வார்? ஒலியைக் கூட்டும், குறைக்கும் பட்டன்கள் இரண்டையும் சேர்த்துச் சில நொடிகள் அழுத்தினால் டாக்பேக் அணையும், மறுபடி அழுத்தினால் வரும். இந்தக் குறுக்குவழியை அமைப்புகளில் போட்டுவைத்து அவருக்கும் பழக்கிவிடுங்கள். டாக்பேக் மெனுவில் திரையை மறைக்கும் வசதி இருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டு நீங்களும் தினம் பத்து நிமிடம் பழகுங்கள். அப்போதுதான் "அந்த நீல பட்டனை அழுத்துங்கள்" என்று சொல்லாமல், "வலப்பக்கம் மூன்று முறை தள்ளுங்கள், 'அனுப்பு' என்று சொல்லும்" என்று அவருக்குச் சொல்ல வரும்.