சேன் மாலோ ஊர்க்காரர்கள்

கேள்வி: 1746-இல் சென்னைக் கோட்டையைப் பிடித்த லா பூர்தொனேயும், கனடாவுக்குக் கப்பல் செலுத்திய ழாக் கார்த்தியேவும் ஒரே பிரெஞ்சு ஊரில் பிறந்தவர்களாமே? அவ்வூர்ப் பிரமுகர்கள் எல்லாருமே கடற்கொள்ளையர்கள்தாமா?

பதில்: அந்த ஊர் சேன் மாலோ. பிரான்சின் வடமேற்கே, பிரிட்டனிக் கரையை ஒட்டிய பாறையின்மேல், சுற்றிலும் மதில் எழுப்பிக் கட்டப்பட்ட பழந்துறைமுகம். கார்த்தியே 1534-இல் இரண்டு கப்பல்களுடன் புறப்பட்டது இங்கிருந்துதான். அவர் சென்றடைந்த கரையின் பழங்குடியினர் ஊர் என்ற பொருளில் சொன்ன 'கனத்தா'தான் பின்னர் நாட்டின் பெயராகவே நிலைத்துவிட்டது.

நமக்கு நெருக்கமானவர் 1699-இல் பிறந்த லா பூர்தொனே. இன்றைய மொரீஷியஸின் ஆளுநராக இருந்து போர்ட் லூயிஸ் துறைமுகத்தை வளர்த்த அவர், அங்கே திரட்டிய கப்பற்படையோடு வந்து, 1746 செப்டம்பரில் சில நாள் முற்றுகையிலேயே சென்னையில் ஆங்கிலேயரைப் பணியவைத்தார். சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்கியது. 11 லட்சம் வராகன் (அக்காலப் பொன் நாணயம்) பெற்றுக்கொண்டு ஊரைத் திருப்பிக் கொடுப்பதாக அவர் உடன்படிக்கை பேச, புதுச்சேரி ஆளுநர் துப்ளேக்ஸ் அதற்கு இணங்கவே மறுத்தார். இந்த இழுபறிக்கிடையே அக்டோபரில் அடித்த புயல், சென்னைக்கு எதிரே நங்கூரமிட்டிருந்த பிரெஞ்சுக் கப்பல்களைச் சிதைத்தது. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் புரட்டினால் இந்தப் பூசலின் சூட்டை இன்றும் உணரலாம். பிரான்சு திரும்பிய லா பூர்தொனே பாஸ்தீய் சிறையில் அடைக்கப்பட்டு, 1751-இல் குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டு, 1753-இல் இறந்துபோனார். இருவரும் விட்டுக்கொடுக்காததில் ஆதாயம் ஆங்கிலேயருக்கே என்பது என் கணிப்பு. 1749-இல் சென்னை எப்படியும் அவர்கள் கைக்கே திரும்பியது.

கொள்ளையர் என்ற சொல்லைச் சற்றுக் கவனமாகக் கையாள வேண்டும். போர்க்காலத்தில் எதிரி நாட்டு வணிகக் கப்பல்களைப் பிடிக்க அரசனிடமே உரிமைச்சீட்டு பெற்று, கிடைத்த சரக்கில் பங்கு செலுத்தியவர்கள் இவ்வூர்க் கப்பல் தலைவர்கள். 1711-இல் ரியோ டி ஜெனிரோவைக் கைப்பற்றிய துகே-த்ருவேனும், 1800-இல் வங்கக் கடலில் தன் கப்பலைவிடப் பெரிய 'கென்ட்' என்ற ஆங்கிலக் கப்பலைப் பிடித்த சுர்கூஃபும் இந்த வகையினர். பறிகொடுத்தவர்களுக்கு அந்தச் சீட்டால் என்ன ஆறுதல் கிடைத்திருக்கும் என்பது வேறு விஷயம். சுர்கூஃப் அடிமை வணிகத்திலும் ஈடுபட்டவர் என்பதை அவரைப் புகழ்வோர் எளிதில் மறந்துவிடுகிறார்கள்.

எல்லாரும் வாளேந்தியவர்களும் அல்லர். பூமி துருவங்களில் சற்றுத் தட்டையானது என்பதை, 1736-இல் ஐரோப்பாவின் வடகோடியில் உள்ள லாப்லாந்து வரை சென்று அளந்து உறுதிசெய்த கணித அறிஞர் மோப்பெர்த்துய் இவ்வூரில் பிறந்தவர். 1768-இல் பிறந்த எழுத்தாளர் ஷத்தோபிரியானும் அப்படியே. ஊருக்கு எதிரே உள்ள கிராண்ட் பே என்ற சிறு தீவில், கடலைப் பார்த்தபடி அவர் கல்லறை இருக்கிறது. நீர் வற்றும் வேளையில் ஈர மணலில் நடந்தே அங்கே போகலாம். அவர் விரும்பியபடியே, கல்லறையின்மேல் ஒரு கற்சிலுவை மட்டும் நிற்கிறது; பெயர் பொறிக்கப்படவில்லை.