பழைய கட்டை, புது பெஞ்ச்

கேள்வி: பழைய வீட்டை இடிச்சப்போ நிலைச்சட்டம், உத்தரத் துண்டு, ஜன்னல் கட்டைன்னு ஏழெட்டு எடுத்து வச்சேன். ஒரு பெஞ்ச் செய்யணும்னு ஆசை. ஒருத்தர் தேக்குங்கறார், இன்னொருத்தர் வேங்கைங்கறார், மூணாவது ஆளு இதை விறகுக்குப் போடுங்கறார். யாரை நம்பறது? போட்டோ அனுப்பியிருக்கேன்.

பதில்: மூணு பேரையும் விடுங்க, போட்டோவும் வேண்டாம். பல வருஷம் வெயிலும் பெயிண்டும் பாத்த கட்டை எல்லாமே மேல ஒரே சாம்பல் கலர்தான், அதை வச்சு சொன்னா அது ஜோசியம். ஒரு முனையில ரெண்டு இன்ச் அறுத்துத் தள்ளுங்க, அந்த வெட்டுமுகத்தை புது பிளேடால மெல்லிசா சீவி ஒரு சொட்டு தண்ணி தடவி 10 மடங்கு லென்ஸ்ல பாருங்க. வளையம் வளையமா இருந்து, ஒவ்வொரு வளையமும் ஆரம்பிக்கற இடத்துல பெரிய பெரிய துளை வரிசை கட்டி நின்னு, அப்புறம் துளை சின்னதாகிட்டே போச்சுன்னா தேக்கா இருக்க வாய்ப்பு அதிகம். கூடவே அறுக்கறப்போ தோல் செருப்பு மாதிரி ஒரு வாசனை, சீவின இடத்துல விரலுக்கு லேசா எண்ணெய்ப் பிசுக்கு. வேங்கைன்னா கொஞ்சம் தூளை கண்ணாடி டம்ளர் தண்ணியில போட்டுட்டு வெயில்ல பாருங்க, பழுப்புத் தண்ணி ஓரத்துல நீலமா மினுங்கும். முதல்முறை பாத்தப்போ டம்ளர்ல ஏதோ சோப்பு ஒட்டியிருக்குன்னு நினைச்சு கழுவி வச்சவன் நான்.

எடையும் பாருங்க. 10 செ.மீ. நீளம், 5 செ.மீ. அகலம், 2 செ.மீ. கனம்னு ஒரு துண்டு வெட்டி தராசுல வச்சா, காஞ்ச தேக்கு 65 கிராம் பக்கம் நிக்கும், வேங்கை 80ஐ ஒட்டி, ஈட்டி மரம் (ரோஸ்வுட்) அதுக்கும் கொஞ்சம் மேல. மரத்துக்கு மரம் அஞ்சு பத்து கிராம் மாறும், அதனால எடையை மட்டும் வச்சு தீர்ப்பு சொல்லாதீங்க.

ஆனா உண்மையச் சொன்னா பெஞ்சுக்கு மரத்தோட பேரு அவ்வளவு முக்கியம் இல்ல, வைரம் (நடுவுல இருக்கற கெட்டியான பகுதி) பாஞ்சிருக்கா, காஞ்சிருக்கா, உள்ள ஆணி இருக்காங்கறதுதான் முக்கியம். ஓரத்துல வெளுத்த பகுதியில பொடிப்பொடியா துளையும் மாவு மாதிரி தூளும் கொட்டுச்சுன்னா வண்டு உள்ள குடித்தனம் நடத்துது, அந்தப் பகுதியை தயங்காம அறுத்துப் போடுங்க. காந்தத்தை அங்குலம் அங்குலமா ஓட்டுங்க, தலை முறிஞ்ச ஒரே ஒரு ஆணி போதும் இழைப்புளி அலகு போயே போச்சு. பழைய பெயிண்ட்ல ஈயம் இருக்கலாம், ஈரப்படுத்தாம உலர்வா தேய்க்காதீங்க, மரத்தூளுக்கே மாஸ்க் கட்டாயம்.

பலகையை காலோட சேர்க்கறப்போ ஸ்க்ரூ துளையை அகலவாக்குல நீட்டி வெட்டுங்க. 30 செ.மீ. அகலப் பலகை ஈரக்காத்துல 2, 3 மி.மீ. விரியலாம், நீளவாக்குல கிட்டத்தட்ட அசையவே அசையாது. இறுக்கி முடுக்கினா பலகைதான் பொளக்கும்.

கேள்வி: தேக்குல பசை போட்டா பிச்சுக்கிட்டு வருதே?

பதில்: அந்த எண்ணெய்தான் காரணம். ஒட்டறதுக்குக் கொஞ்சம் முன்னாடி புதுசா இழைச்சு, அசிட்டோன்ல துடைச்சு, அது காஞ்சதும் உடனே பசை. நாளைக்கு ஒட்டிக்கலாம்னு வச்சீங்கன்னா எண்ணெய் திரும்ப மேல வந்துடும்.

கேள்வி: ரயில்வே ஸ்லீப்பர் கட்டை கிடைக்குது, டீப்பாய் பண்ணலாமா?

பதில்: வேண்டாங்க. பழைய ஸ்லீப்பர்ல கிரியோசோட், அதாவது கட்டை உளுத்துப் போகாம இருக்கறதுக்கான தார் எண்ணெய், உடம்புக்கு ஆகாத சரக்கு, அதை ஏத்தியிருப்பாங்க, கருப்பா தார் வாசனை வருதா, அதேதான். அது உள்ள ஊறிப்போன சரக்கு, இழைச்சாலும் போகாது, வார்னிஷ் அடிச்சாலும் அடங்காது.