கணினிக் கேள்வி–பதில்: சி++ மொழியில் ஆபரேட்டர் ஓவர்லோடிங்

கேள்வி: பின்னங்களுக்காக சி++ மொழியில் ஒரு கிளாஸ் எழுதி, அடுக்குக்கு ^ குறியை ஓவர்லோடு செய்தேன் (அதாவது, என் கிளாஸுக்கு அந்தக் குறி என்ன செய்யவேண்டும் என்று எழுதினேன்). அ = 3, ஆ = 4 என வைத்து, அ + ஆ ^ 2 என்று கொடுத்தால் 19 வரவேண்டிய இடத்தில் 49 வருகிறது. என் ஃபங்ஷனைத் தனியே சோதித்தால் சரியான விடையே கிடைக்கிறது. பிழை எங்கே?

பதில்: உங்கள் ஃபங்ஷன் சரிதான், அதற்கு நீங்கள் தேர்ந்த குறிதான் பொருந்தவில்லை. ^ என்பது சி மொழியிலிருந்து வந்த எக்ஸ்ஆர் குறி (இரு எண்களின் பிட்களை ஒப்பிட்டு, வேறுபடும் இடங்களில் 1 வைப்பது). முன்னுரிமை வரிசையில் அது கூட்டலுக்கும் கீழே இருக்கிறது. ஓவர்லோடு செய்யும்போது ஒரு குறி என்ன செய்யவேண்டும் என்பதை மட்டுமே நீங்கள் தீர்மானிக்க முடியும். அதன் முன்னுரிமையையோ, அது இடமிருந்து வலமாகச் சேருமா வலமிருந்து இடமாகச் சேருமா என்பதையோ மாற்ற முடியாது. எனவே கம்பைலர் உங்கள் கோவையை (அ + ஆ) ^ 2 என்று பிரித்து, ஏழின் வர்க்கத்தைத் தந்திருக்கிறது.

இதைவிட மோசமானது அ ^ 2 == ஆ என்ற வரி. ^ குறி, சமமா என்று பார்க்கும் == குறிக்கும் கீழே இருப்பதால், அது அ ^ (2 == ஆ) ஆகிவிடும். ஒப்பீட்டின் விடையான உண்மை அல்லது பொய், 1 அல்லது 0 என்ற முழு எண்ணாகத் தானே மாறிக்கொள்ளும் என்பதால், அடுக்காக முழு எண்ணை ஏற்கும் உங்கள் ஃபங்ஷன் அதையும் மறுப்பின்றி வாங்கிக்கொள்ளக்கூடும்.

ஃபோர்ட்ரான் மொழியில் உள்ளது போல அடுக்குக்கு ** என்ற குறியைச் சேர்த்துக்கொள்ளலாமே என்றால், புதிய குறிகளை உருவாக்கவும் சி++ இடம் தருவதில்லை. அதிலும் ** குறிக்குத் தனிச் சிக்கல் உண்டு: இடப்பக்கம் ஓர் எண்ணும் வலப்பக்கம் ஒரு பாயிண்டரும் (நினைவகத்தில் ஒரு மதிப்பு இருக்கும் இடத்தைக் காட்டுவது) இருந்தால், அந்தப் பாயிண்டர் காட்டும் மதிப்பால் எண்ணைப் பெருக்கு என்பதாக அது ஏற்கெனவே பொருள் தருகிறது. ஸ்விஃப்ட் மொழியில் புதிய குறியை அறிவித்து, அதற்கு முன்னுரிமையும் வகுக்கலாம். ஆனால் பிறர் எழுதிய நிரலைப் படிப்பவர், ஒவ்வொரு குறிக்கும் அந்த அறிவிப்பைத் தேடிப் பார்க்கவேண்டியிருக்கும் என்பதால், சி++ விதித்த கட்டுப்பாட்டையே நான் விரும்புகிறேன். அடுக்குக்கு பெயருள்ள ஒரு சாதாரண ஃபங்ஷனை எழுதிவிடுங்கள்.

கேள்வி: வெக்டரை எண்ணால் பெருக்க * குறியை என் கிளாஸுக்குள்ளேயே எழுதியிருக்கிறேன். வெக்டர் * 2 ஓடுகிறது. 2 * வெக்டர் என்றால் கம்பைலர் மறுக்கிறது. ஏன்?

பதில்: கிளாஸின் உறுப்பாக எழுதிய ஆபரேட்டருக்கு இடப்பக்கத்தில் அந்தக் கிளாஸின் பொருளே இருக்கவேண்டும், 2 என்பதோ வெறும் முழு எண். இடப்பக்கத்தில் எண்ணையும் வலப்பக்கத்தில் வெக்டரையும் ஏற்கும் இன்னொரு ஃபங்ஷனைக் கிளாஸுக்கு வெளியே எழுதினால் போதும். உள்ளே மறைத்து வைத்த மதிப்புகளை அது தொடவேண்டியிருந்தால் மட்டும் ஃபிரெண்டாக அறிவியுங்கள். திரையில் அச்சிட உதவும் << குறியையும் இதே காரணத்தால்தான் வெளியே எழுதுகிறோம், ஏனெனில் அதன் இடப்பக்கத்தில் நிற்பது, எழுத்துகளைத் திரைக்கு அனுப்பும் நூலகத்தின் ஸ்ட்ரீம். எல்லாவற்றையும் வெளியே கொண்டுவர முடியாது: =, [], (), -> ஆகிய நான்கும் கிளாஸின் உறுப்புகளாகவே இருக்கவேண்டும். இரண்டு பக்கமும் முழு எண்களாக இருந்தால் + குறியின் பொருளை மாற்றவும் வழியில்லை. ஒரு பக்கமேனும் கிளாஸாகவோ, பெயரிட்ட மாறிலிகளின் தொகுப்பான enum ஆகவோ இருந்தாகவேண்டும்.

கேள்வி: இரண்டு பக்கமும் உண்மையா என்று பார்க்கும் && குறியை ஓவர்லோடு செய்யலாமா?

பதில்: விதி அனுமதிக்கிறது, ஆனால் செய்யாதீர்கள். சாதாரண && இடப்பக்கம் பொய் என்று தெரிந்தவுடன் வலப்பக்கத்தைத் தொடாமல் நின்றுவிடும். ஓவர்லோடு செய்த && ஒரு ஃபங்ஷன் அழைப்பு என்பதால், இரண்டு பக்கங்களும் கணக்கிடப்பட்ட பிறகே அது தொடங்கும். பாயிண்டர் காலியா என்று இடப்பக்கத்தில் சோதித்துவிட்டு, வலப்பக்கத்தில் அதைப் பயன்படுத்தும் வழக்கமான வரி, அப்போது காலிப் பாயிண்டரையே தொட்டுவிடும். சி++17 இடப்பக்கம் முதலில் கணக்கிடப்படும் என்று உறுதி தந்தாலும், வலப்பக்கத்தைத் தவிர்ப்பதில்லை.