வாய்மொழியும் கோப்பும்

அன்புள்ள ஐயா,

அரசு அலுவலகம் ஒன்றில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. தன்பதிவேடு (என்னிடம் வரும் தாள்களையும் அவற்றின் மீதான நடவடிக்கையையும் பதியும் பதிவேடு), குறிப்புக் கோப்பு (மேலதிகாரிகளின் முடிவுக்காகக் குறிப்பு எழுதி வைக்கும் கோப்பு), நினைவூட்டு என்று நாளெல்லாம் எழுதுகிறேன். அதிகாரியிடம் நேரில் கேட்டால் இரண்டு நிமிடத்தில் முடியும் வேலைக்கு மூன்று மேசைகளின் கையொப்பம் வேண்டியிருக்கிறது. இந்த நடைமுறைகளால் யாருக்குப் பயன்?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் உங்களுக்குத்தான். நான் பணியில் இருந்தபோது, தகுதிப் பட்டியலில் இல்லாத ஒருவருக்கு உதவித்தொகை வழங்கும்படி மேலதிகாரி ஒருவர் வாய்மொழியாகச் சொன்னார். எங்கள் கண்காணிப்பாளர் மறுத்துப் பேசவில்லை. "தங்கள் வாய்மொழி உத்தரவின்படி ஆணை வரைவு ஒப்புதலுக்கு வைக்கப்படுகிறது" என்று குறிப்புக் கோப்பில் எழுதி அனுப்பினார். அன்று மாலையே கோப்பு திரும்பியது. கையொப்பம் இல்லை, "பேசவும்" என்று பென்சிலில் மட்டும் எழுதியிருந்தது. (அலுவலகங்களில் பென்சிலுக்கு உள்ள மதிப்பு உங்களுக்குப் போகப் போகத் தெரியும்.) விஷயம் அத்தோடு நின்றது.

முன்னாள் அமைச்சரவைச் செயலாளர் டி.எஸ்.ஆர். சுப்பிரமணியனும் ஓய்வுபெற்ற வேறு சில அதிகாரிகளும் தொடுத்த வழக்கில், வாய்மொழி உத்தரவை மட்டும் வைத்து அதிகாரிகள் செயல்படக் கூடாது என்றும், அவ்வாறு பதிவின்றிச் செயல்பட்டால் தகவல் அறியும் உரிமையே பயனற்றுப் போகக்கூடும் என்றும் உச்ச நீதிமன்றம் 2013 அக்டோபரில் கூறியது. எழுதாததை எந்த மனுதாரரும் கேட்டுப் பெற முடியாது அல்லவா?

ஆனால் அதே அலுவலகத்தில், ஆதரவற்ற பெண்மணி ஒருவரின் மனு முதலில் வருமானச் சான்று இல்லையென்றும், அது வந்தபின் குடும்ப அட்டை நகல் இல்லையென்றும், அதுவும் வந்தபின் முகவரி பொருந்தவில்லையென்றும் மூன்று முறை திருப்பி அனுப்பப்பட்டதையும் பார்த்திருக்கிறேன். மூன்றையும் முதல் கடிதத்திலேயே கேட்டிருக்கலாம். அந்த உதவியாளர் எந்த விதியையும் மீறவில்லை. அவருடைய தன்பதிவேட்டில் நிலுவையும் இல்லை. அலைந்தவர் அந்தப் பெண்மணிதான். ஊழியர் சங்கங்கள் "விதிப்படி வேலை" (எல்லா விதிகளையும் எழுத்துப் பிசகாமல் பின்பற்றி வேலையைத் தாமதப்படுத்துவது) என்பதை ஒரு போராட்ட முறையாகவே வைத்திருப்பதும் இதனால்தான்.

உங்கள் மூன்று மேசைகளில் எத்தனை பேர் குறிப்பைப் படித்துக் கருத்து எழுதுகிறார்கள் என்று பழைய கோப்புகளைப் புரட்டிப் பாருங்கள். சுருக்கொப்பம் மட்டும் இட்டு மேலே தள்ளும் மேசை ஒன்று இருந்தால், அதைத் தவிர்க்கலாம் என்று தாராளமாகக் குறிப்பு எழுதுங்கள். அந்தக் குறிப்பும் அந்த மேசை வழியாகத்தான் போக வேண்டும்.