கட்டற்ற மென்பொருளுக்கு வெளியீட்டுத் தேதியை எப்படி முடிவு செய்வது?

பெரம்பூரில் நண்பர்கள் சேர்ந்து நூலகச் செயலி எழுதுகிறீர்கள். எல்லா வசதியும் முடிந்த பிறகு வெளியிடுவதா, தேதி குறித்து வெளியிடுவதா என்று கேட்கிறீர்கள். தேதியைக் குறியுங்கள். வியாசர்பாடி ஜீவா நிலையத்தில் மின்சார ரயில் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. முடியாத வசதி அடுத்த வண்டியில் வரட்டும்.

லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில், ஒவ்வொரு சுற்றிலும் முதல் 2 வாரம் மட்டுமே புதிய வசதிகள் சேரும். பிறகு வாரம் ஒரு சோதனைப் பதிப்பு, பெரும்பாலும் ஆர்சி7 (ஏழாவது சோதனைப் பதிப்பு) வரை, சில சமயம் ஆர்சி8; அதில் பிழைதிருத்தம்தான் வேலை. மொத்தம் 9 அல்லது 10 வாரம். லினக்ஸ் வகை இயங்குதளமான உபுண்டுவோ ஏப்ரல், அக்டோபர் என்று ஆண்டுக்கு இரண்டு வெளியீடு.

வேலை முடிந்து இரவில் நிரல் எழுதும் உங்களுக்கு 3 மாதச் சுழற்சி சரியாக இருக்கும். கடைசி 3 வாரம் திரையில் ஒரு சொல்லைக்கூட மாற்றாதீர்கள், மொழிபெயர்ப்பவர் பாவம். நவம்பர் வேண்டாம். முழங்கால் மழைநீரை இறைத்துக்கொண்டு யார் சோதிப்பார்கள்?