சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் தந்து அலையவிடுகிறார்களா?

கேள்வி: குடியாத்தம் பக்கத்தில் ஒரு கிராமம். பட்டப்பகலில் வீட்டுக்குள் புகுந்து பீரோவில் இருந்த மூன்றரை சவரன் சங்கிலியை எடுத்துப் போய்விட்டார்கள். ஸ்டேஷனில் மனு கொடுத்து இருபது நாள் ஆகிறது. மனு வாங்கியதற்கு சி.எஸ்.ஆர். ரசீது தந்தார்கள். எஃப்.ஐ.ஆர். கேட்டால், "விசாரிச்சிக்கிட்டு இருக்கோம், நாளைக்கு வாங்கம்மா" என்கிறார்கள். ஸ்டேஷனில் பழக்கம் உள்ள ஒருவர் பத்தாயிரம் கொடுத்தால் போடவைப்பதாகச் சொல்கிறார். எஸ்.பி.க்கு எழுதினால் உள்ளூர் போலீஸ் பகைத்துக்கொள்வார்களோ என்று பயமாக இருக்கிறது.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அந்தப் பத்தாயிரத்தைக் கொடுக்காதீர்கள் அம்மா. எஃப்.ஐ.ஆர். போடக் கட்டணம் கிடையாது. போட்டபின் அதன் நகலையும் இலவசமாகத்தான் தர வேண்டும். வழக்கு தானாகப் பதிவானால் தன்னால்தான் ஆனது என்பார் அந்த ஆள். ஆகாவிட்டால் மேலே இருப்பவருக்கும் தர வேண்டும் என்று இன்னொரு ஐந்தாயிரம் கேட்பார். இவரைவிட மோசம், ‘பேசி முடிச்சிக்கலாம்’ என்று வருகிற பஞ்சாயத்துக்காரர். சங்கிலி மதிப்பில் பாதிப் பணம் வாங்கித் தருவதாகச் சொல்லி, ‘மேல்நடவடிக்கை தேவையில்லை’ என்ற வரிக்குக் கீழே உங்கள் கையெழுத்தை வாங்கிவிடுவார். சி.எஸ்.ஆர். அதோடு முடிந்தது. மீதிப் பணத்துக்கு யாரிடம் போய் நிற்பீர்கள்? வெற்றுத்தாளில் கையெழுத்து யார் கேட்டாலும், சீருடையில் இருப்பவர் கேட்டாலும், போடாதீர்கள்.

சி.எஸ்.ஆர். என்பது உங்கள் மனு வந்து சேர்ந்ததற்கான பதிவேட்டு எண், அவ்வளவுதான். அதில் வழக்கு இல்லை. கோர்ட்டுக்கு ஒரு தாளும் போகாது. எஃப்.ஐ.ஆர். போட்டால் திருட்டு ஸ்டேஷன் கணக்கில் ஏறிவிடும். கண்டுபிடிக்காவிட்டால் குற்ற ஆய்வுக் கூட்டத்தில் பதில் சொல்ல வேண்டும். ஆள் சிக்கட்டும், அப்புறம் போடலாம் என்று இழுப்பது இதனால்தான். குற்றத்தைக் குறைத்துக் காட்டுகிறவருக்குப் பாராட்டும், உள்ளபடி பதிவு செய்கிறவருக்கு மெமோவும் என்றால், ஜனங்கள் போலீஸை நம்ப வேண்டும் என்று ஊர் ஊராக நல்லுறவுக் கூட்டம் போட்டு என்ன பயன்? கைது செய்யத்தக்க குற்றம் என்று மனுவிலேயே தெரிந்தால் வழக்குப் பதிந்தே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013லேயே சொல்லிவிட்டது.

"புதுச் சட்டத்துல 14 நாள் விசாரிக்கலாம்" என்று சொல்வார்கள். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக நடப்பில் உள்ள பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 173(3) பிரிவில் அப்படி ஒன்று உண்டுதான். ஆனால் அது மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்கு உட்பட்ட தண்டனை உள்ள குற்றத்துக்கு மட்டும். அதற்கும் டி.எஸ்.பி.யின் அனுமதி வேண்டும், 14 நாளில் முடிக்கவும் வேண்டும். தெருவில் நிறுத்திய பைக் திருடு போனால் அதிகபட்சம் மூன்று ஆண்டு. அந்தக் கணக்குக்குள் வரும். குடியிருக்கும் வீட்டுக்குள் நடந்த திருட்டுக்கு அதிகபட்சம் ஏழு ஆண்டு. ஏழுக்கு ‘உட்பட்டது’ என்ற வரம்பில் ஏழு வராது. ஆகவே உங்கள் சங்கிலிக்கு அந்த 14 நாளே கிடையாது. இருந்தாலும்தான் என்ன, இருபது நாள் ஆகிவிட்டதே!

முதலில் உங்கள் மனு நகலை எடுத்துப் பாருங்கள். ‘நகை காணவில்லை’ என்று எழுதவைத்திருந்தால் அங்கேதான் ஓட்டை. காணவில்லை என்றால் கைதவறிப் போனதாகவும் கொள்ளலாம். ‘வீட்டுக்குள் புகுந்து திருடிவிட்டார்கள்’ என்று தெளிவாக எழுதி இன்னொரு மனு கொடுங்கள். தேதி, வீட்டில் ஆள் இல்லாத நேரம், நகையின் கிராம் எடை எல்லாம் வேண்டும். பில் இல்லையா? எப்போதாவது கூட்டுறவு வங்கியில் அடகு வைத்திருந்தால் அந்தச் சீட்டில் எடை இருக்கும். கல்யாணப் போட்டோவும் உதவும்.

அதற்கும் அசையாவிட்டால் அதே சட்டத்தின் 173(4) பிரிவைக் குறிப்பிட்டு எஸ்.பி.க்கு எழுதுங்கள். சி.எஸ்.ஆர். எண், ஸ்டேஷனுக்குப் போன தேதிகள், அங்கே சொன்ன பதில், மனு நகல் போதும். எஸ்.பி. ஆபீஸில் மக்களிடம் மனு வாங்கும் நாளில் நேரில் கொடுத்தாலும் தபாலிலும் அனுப்புங்கள். சட்டம் தபால் என்றுதான் சொல்கிறது, பிறகு கோர்ட்டில் காட்ட அந்த ரசீது வேண்டும். குடியாத்தம், பேரணாம்பட்டு, காட்பாடி, அணைக்கட்டு என்றால் வேலூர் எஸ்.பி. 2019ல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பிறகும் ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்களும் ஆற்காடு, அரக்கோணம்காரர்களும் பழைய நினைப்பில் வேலூருக்கே அனுப்புகிறார்கள். முன்னவர்கள் திருப்பத்தூருக்கும் பின்னவர்கள் ராணிப்பேட்டைக்கும் அனுப்ப வேண்டும்.

பகை வருமா என்றால், முகம் சுளிப்பார்கள். உங்கள் மனு பெரும்பாலும் டி.எஸ்.பி. வழியாக அதே ஸ்டேஷனுக்குத்தான் திரும்பி வரும். ஆனால் இப்போது அதற்கு ஒரு எண் உண்டு, மேலே பதில் எழுதியாக வேண்டும். மனுவில் இன்ஸ்பெக்டரைத் திட்டாதீர்கள், லஞ்சம் என்று ஆதாரமில்லாமல் எழுதாதீர்கள். நடந்ததைத் தேதியோடு எழுதினால் யாரும் சண்டைக்கு வர முடியாது. இன்னொன்று, விசாரணை என்று பெண்ணை ஸ்டேஷனுக்கு வரவழைக்க முடியாது. 179வது பிரிவின்படி உங்கள் வீட்டில் வந்துதான் கேட்க வேண்டும். தினம் பஸ் ஏறிப் போய் பெஞ்சில் உட்கார்ந்திருக்கத் தேவையே இல்லை.

எஸ்.பி. மனுவுக்கும் பதில் இல்லையென்றால், தபால் ரசீதையும் பிரமாணப் பத்திரத்தையும் இணைத்து உங்கள் பகுதி மாஜிஸ்திரேட் கோர்ட்டில் 175(3) பிரிவில் மனு போடலாம். எடுத்த எடுப்பில் சென்னை ஹைகோர்ட்டுக்குப் போகலாம் என்று பீஸ் பேசுகிறவரை நம்பாதீர்கள். கீழே போய் வந்தீர்களா என்றுதான் அங்கே கேட்பார்கள். வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் 15100க்குப் போன் செய்யுங்கள். சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. அதற்கும் ‘ஃபாரம் பூர்த்தி செய்து தருகிறேன்’ என்று வாசலில் ஒருவர் நின்றால், அவரைத் தாண்டி உள்ளே போங்கள்.